இணையச் சதுரங்க ரேட்டிங்கும் கீழ்ப்படி ஆட்டக்காரரும்

லிசெஸ் தளத்தில் கணக்குத் தொடங்கும் எவருக்கும் 1500 என்ற ரேட்டிங் கிடைக்கிறது. காய் நகர்த்தக் கற்று ஒரு வாரமே ஆன சிறுமிக்கும் 1500தான். இருபது ஆண்டுகள் பந்தயம் ஆடியவருக்கும் 1500தான். செஸ்.காம் தளத்திலோ தம் திறன் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் புதியவரே சொல்லிக்கொள்ளலாம். இரண்டு ஏற்பாட்டிலும் அதன்பின் வரும் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் அந்தக் கணக்கின் பிழையைப் பெரிதும் சுமப்பவர்கள் கீழ்ப்படியில் ஆடுபவர்கள்தாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாட் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலக அமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால் வலியவர் நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் 91. ஒருவரின் ஆட்டம் ஒரு சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும், அந்த ஏற்றஇறக்கம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு என்பது எலோவின் அடிப்படை அனுமானம். தேறிய பந்தய ஆட்டக்காரருக்கு அது பொருந்தும். தொடக்கநிலையினர் இருபது நகர்த்தல்களை ஒழுங்காக ஆடிவிட்டு இருபத்தொன்றாவதில் ராணியைச் சும்மா கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் தம்மைவிட வலியவரை வெல்வார்கள். ஏற்றஇறக்கம் பெரிது, சராசரியும் மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் குறையைப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் நன்கு உணர்ந்திருந்தார். 1995இல் அவர் தந்த கிளிக்கோ முறை ரேட்டிங்கோடு ‘விலகல்’ என்ற இரண்டாவது எண்ணையும் வைத்துக்கொள்கிறது. அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு அது. இன்றைய பெரிய தளங்கள் இம்முறையின் வடிவங்களையே கையாள்கின்றன. அதன் மூல வடிவில் ஓர் ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதியவர் 1500, விலகல் 350. எதிராளியும் 1500, ஆனால் தொடர்ந்து ஆடுபவர், விலகல் 50. புதியவர் தோற்றால் சுமார் 175 புள்ளி இழக்கிறார். எதிராளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5. புதியவரின் விலகல் 248 அளவுக்குச் சுருங்குகிறது. கணிதமாகப் பார்த்தால் இதில் குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வேகம் அது.

அதே கணக்கை எதிராளியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். அந்தப் புதிய கணக்குக்குப் பின்னால் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்து அவர் வென்றுவிட்டால், பழையவர் இழப்பது 5 புள்ளி. நன்கு நிலைபெற்ற இன்னொரு 1500காரரிடம் தோற்றிருந்தால் 7 போயிருக்கும். அறியாமைக்குக் கொடுக்கப்படும் சலுகை இரண்டே புள்ளி! புதிய கணக்குகளும், வேண்டுமென்றே ரேட்டிங்கைத் தாழ்த்திக்கொண்டவர்களும், கணினி உதவியோடு ஏறி வருபவர்களும் வந்து நுழையும் வாசல் கீழ், இடைப்படிகளில்தான் இருக்கிறது. ஏமாற்றியவர் பிடிபட்டால் புள்ளியைத் திருப்பித் தரும் ஏற்பாடு தளங்களில் உண்டு; பிடிபடாதவரிடம் இழந்தது இழந்ததே.

கீழ்ப்படி எண்கள் மெய்யாகவே தடம் மாறக்கூடும் என்பதற்கு நேர்ப்பலகை ஆட்டத்திலேயே சான்று உண்டு. 2024 மார்ச்சில் ஃபிடே தன் கீழ்வரம்பை 1000இலிருந்து 1400ஆக உயர்த்தியது. 2000க்குக் கீழிருந்தவர்களுக்கு அந்த இடைவெளியில் நூற்றுக்கு நாற்பதைக் கூட்டித் தந்தது. 1000 எண்ணுடன் இருந்தவர் 1400 ஆனார். 1600 எண்ணுடன் இருந்தவர் 1760 ஆனார். தாழ்ந்த எண்ணோடு நுழைந்து விரைவாக வளரும் சிறுவர்கள் பிறரின் புள்ளிகளைக் கரைத்துவந்ததே கீழ்ப்படி எண்கள் இப்படித் தாழ்ந்துபோனதற்கு முக்கியக் காரணம் என்பேன். இணையத்தில் ஒரே மாதத்தில் நூறு ஆட்டம் ஆடலாம் என்பதால் எண் விரைவில் சரியாகிவிடும் என்று மறுப்பவர்கள் உண்டு. நாள்தோறும் ஆடுபவருக்கு அது உண்மை. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஆறுதல் கிடையாது. ‘1200க்குக் கீழ்’ என்று பிரித்து நடத்தும் இணையப் போட்டிகளில் அவள் யாரோடு மோதுகிறாள் என்பதைத் தீர்மானிப்பதும் இந்த எண்தான்.

தீர்வுக்குப் புதிய சூத்திரம் தேவையில்லை. 1850 ரேட்டிங்கும் 50 விலகலும் உடையவரின் திறனை 1750 முதல் 1950 வரை என்ற வீச்சாகச் சொல்வதே பொருத்தம் என்று கிளிக்மனே எடுத்துக்காட்டியிருக்கிறார். லிசெஸ் தளம் விலகல் 110க்கு மேல் இருக்கும்வரை எண்ணின் அருகே கேள்விக்குறி இடுகிறது. அது நல்ல தொடக்கம். ஆயினும் கேள்விக்குறி மறைந்தபின் எண் தனியாகவே நிற்கிறது. தளம் நடத்துவோர் ஆட்டத் திரையிலேயே அந்த வீச்சை அச்சிட வேண்டும். முதல் இருபது ஆட்டங்களுக்குத் தொடக்கநிலையினரின் கண்ணில் எண்ணே படாமல் வைக்க வேண்டும். விலகல் தளங்களிடம் ஏற்கெனவே கணக்கிடப்பட்டு இருக்கிறது. அதை ஆட்டத் திரையில் காட்டாமல் விட நியாயமான காரணம் ஒன்றும் இல்லை.