கணக்கில் வராத பள்ளிகள்: செஞ்சிச் சீமையும் மழலையர் ஓதற்கல்வியும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் நிரலில் இடம்பெற்றது. மராட்டியரின் படையரண்கள் என்ற வகையில் தெரிவு செய்யப்பட்ட 12 கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. காண வருவோர் கலியாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் கண்டு வியக்கின்றனர். கி.பி. 1717-18ஆம் ஆண்டைச் சேர்ந்த பாரசீகக் கல்வெட்டுடன் விளங்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன் சிறிது நேரம் நிற்போரும் உளர். கல்லில் கட்டியவை நிலைத்தன. ஆனால், இக்கோட்டையை அண்டி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் எழுத்தறிந்த இடம் கல்லால் ஆனதன்று. அது வீட்டுத் தாழ்வாரம். பல வீடுகளில் அடுக்களையின் ஓரம்.

கோட்டை கைமாறிய வரலாறு வாசகர் அறிந்ததே. 1649இல் பிஜப்பூர் படை கைப்பற்றிப் பாதுஷாபாத் எனப் பெயரிட்டது. 1677இல் சிவாஜியின் வசமாயிற்று. எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் நுஸ்ரத் ஜங் சுல்பிகார் கான் வென்றதால் நுஸ்ரத்கட் ஆயிற்று. ஆர்க்காட்டு நவாபுகளுக்குப் பின் 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கொண்டனர். நம் பொருளுக்கு வேண்டுவது இவற்றுள் முதலாவதே. பிஜப்பூர் ஆட்சியோடு தக்னி மொழியும் அதன் இல்லப் பழக்கங்களும் இச்சீமைக்குள் வந்தன.

பிஜப்பூரின் சூஃபிகள் பெரும் நூல்களை மட்டும் இயற்றியவர்கள் அல்லர். திரிகை சுற்றும்போதும், இராட்டை நூற்கும்போதும், தொட்டில் ஆட்டும்போதும் பெண்கள் பாடத்தக்க எளிய தக்னிப் பாடல்களும் அம்மரபில் தோன்றின. சக்கிநாமா, சர்க்காநாமா, லோரிநாமா என்பன அவற்றின் பெயர்கள். பிஜப்பூர்ச் சூஃபிகளைப் பற்றி 1978இல் நூல் வெளியிட்ட ரிச்சர்டு ஈட்டன், தக்காணத்தில் இஸ்லாமியக் கருத்துகள் பாமர இல்லங்களுக்குள் பரவியதற்கு இப்பாடல்களே பெருங்காரணம் என்பார். மாவரைக்கும் தாயின் மடியருகே இருந்த குழந்தை, எழுத்தைக் காணுமுன்பே அல்லாஹ்வின் திருநாமத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரையும் செவிவழி பெற்றது. வாசிப்புக்கு முன் செவிப்பழக்கம் வேண்டும் என்று இக்காலக் கல்வியாளர் சொல்வதை அத்தாய்மார் எவரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தனர்.

எழுத்துத் தொடக்கத்துக்கு ஒரு நாள் உண்டு. பிள்ளைக்கு நான்கு வயதும் நான்கு மாதமும் நான்கு நாளும் நிரம்பும்போது நடைபெறும் ‘பிஸ்மில்லாஹ் ஓதும்’ சடங்கே அது. தக்காணத்து ஜாஃபர் ஷரீஃப் தொகுக்க, சென்னை அரசின் மருத்துவப் பணியிலிருந்த ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்க்க, 1832இல் இலண்டனில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ இதனை விவரிக்கிறது. பண்டிகை நாள்களில் ஆசிரியர் வண்ணத்தாளில் வாழ்த்துப்பா எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதையும், பெற்றோர் அதற்குக் காசு கொடுப்பதையும் அந்நூலில் காண்கிறோம். ‘ஈதி’ எனப்பட்ட அத்தாளே பல குழந்தைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் எழுத்தாக இருந்திருக்கும். நாலு வயது, நாலு மாதம் என்ற கணக்குக்கு மார்க்கத்தில் கட்டாயம் ஏதுமில்லை. அது வழக்கம் மட்டுமே. எனினும், கல்விக்கு ஒரு தொடக்க நாளைக் குறித்து ஊரழைத்த சமுதாயம் கல்வியை இலேசாக எண்ணியிருக்க முடியாது.

கற்பித்த முறையும் நோக்கத்தக்கது. பக்தாதி காயிதாவில் முதலில் தனியெழுத்து, பின்னர்க் குறியீட்டுடன் கூடிய எழுத்து, அதன்பின் கூட்டெழுத்து. ‘அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ’ என்று ஹிஜ்ஜே கூட்டிக் குழந்தை ஓசையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஸபரும் ஸேரும் பேஷும் பாரசீகச் சொற்கள். அரபு எழுத்தைப் பாரசீகப் பெயரால் தமிழ்ப் பிள்ளை கற்றது என்பதிலேயே ஒரு நெடிய வரலாறு அடங்கியுள்ளது. இவ்வெழுத்தறிவு பொருளறியா ஓதலோடு நின்றுவிட்டது என்று குறைகூறுவோர் உளர். குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், தமிழ் பேசும் இல்லங்களில் அரபுத்தமிழ் அக்குறையை ஈடுசெய்தது. குர்ஆனுக்காகக் கற்ற எழுத்தைக் கொண்டே தாய்மொழியில் மார்க்கச் சட்டம் படிக்கலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானி’ போன்ற நூல்கள் அவ்வாறே வீடுகளில் வாசிக்கப்பட்டன.

எதனை முதலில் கற்பிப்பது என்ற வினா பழையது. மக்ரிபில் குர்ஆன் மட்டும் கற்பிக்கப்பட்டதையும், அந்தலூசில் எழுத்தும் கவிதையும் உடன் சேர்க்கப்பட்டதையும் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒப்பிடுகிறார். மொழியையும் கணக்கையும் முற்படுத்தி, குர்ஆனைப் பின்னர்க் கற்பிக்கலாம் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் கருத்தைப் புகழ்ந்துவிட்டு, வழக்கம் அதற்கு இடந்தராது என்றும் அவர் கூறுகிறார். நம் நாட்டிலும் வழக்கமே வென்றது.

இனி அரசாங்கக் கணக்குக்கு வருவோம். 1822 ஜூன் 25ஆம் நாள் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தின் கல்வி நிலையைத் திரட்டப் பணித்தார். செஞ்சி அப்போது தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தில் 875 பள்ளிகள் எண்ணப்பட்டன. மாணவருள் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. இவ்வெண்ணை மட்டும் கொண்டு, நம் முன்னோர் பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லை என்று முடிவு கட்டுவது பிழை. 1826 மார்ச் 10ஆம் நாள் குறிப்பில், இப்பட்டியல்கள் பொதுப்பள்ளிகளையே காட்டுகின்றன, உறவினரிடமோ தனியாசிரியரிடமோ வீட்டில் கற்போர் இவற்றில் இல்லை என மன்றோவே உணர்த்துகிறார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். வீட்டில் கற்போரையும் எண்ணிய சென்னையிலோ அத்தகையோர் மட்டும் 26,963 பேர். பள்ளி சென்றோரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எண் மிகையோ என மன்றோ ஐயுற்றார். ஆயினும், ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவருள் கல்வி பெறுவோர் நான்கில் ஒரு பங்கினும் மூன்றில் ஒரு பங்குக்கே நெருக்கம் என்ற முடிவுக்கு அவர் வந்தமைக்கு வீட்டுக்கல்வியே காரணம்.

மலபாரின் எண் மேலும் வியப்பளிக்கும். அங்கு முஸ்லிம் சிறுவர் 3,196 பேருக்கு முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர் பள்ளியில் இருந்தனர். அங்கே ஓதற்பள்ளிகளும் கணக்கில் புகுந்தன என்பது நம் கருத்து. தென்னார்க்காட்டில் ஓதிக்கொடுத்த பெண்ணின் வாசலுக்குக் கணக்கெழுத எவரும் வரவில்லை.

பின்வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வநீதியை நிலைப்படுத்திற்று. 1901 முதல், படிக்கவும் எழுதவும் ஆகிய இரண்டும் தெரிந்தவரே எழுத்தறிந்தோர். அடுத்த 1911இல், நண்பருக்கு மடல் எழுதி மறுமொழியைப் படிக்கவல்லவரே எழுத்தறிந்தோர் என வரையறுத்தனர். பெண்ணுக்கு ஓதக் கற்பித்து, எழுதக் கற்பியாது விட்ட இல்லங்கள் நம்மிடையே மிகுதி. அத்தடை நம்மவர் செய்தது. அதனை ஆங்கிலேயர் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. விளைவு யாதெனில், தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் வாசிக்கக் கற்பித்த பெண்மணி தாம் எழுத்தறியாதவர் என்றே பதியப்பட்டார்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய பருவம் பெரிதும் தாயின் பொறுப்பிலேயே உள்ளது. 1991 முதல் கணக்கெடுப்பில் ஏழு வயது நிரம்பியோரே எழுத்தறிவுக்கு எண்ணப்படுகின்றனர். ஐந்து வயதில் காயிதாவை முடித்து, தமிழும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் செஞ்சிச் சிறுமி, அவ்விதியின்படி எழுத்தறியாதவளே.