1/72 அளவு மீட்பு ஹெலிகொப்டர் மாதிரி: உள்ளறைக் கைவேலை

மீட்பு ஹெலிகொப்டரின் சிறு பிளாஸ்டிக் மாதிரியில், பெட்டியோடு வராத ஸ்ட்ரெச்சர், இருக்கைச் சட்டம், வின்ச், ஒட்சிசன் உருளை, பட்டி, வளையம் ஆகியவற்றைத் தகடு, கம்பி, தாள் கொண்டு கையாலேயே செய்து பொருத்துவதை உள்ளறைக் கைவேலை என்கிறோம். வானூர்தி மாதிரிகளில் மிகப் பரவலான அளவு 1/72. இதில் உண்மையின் 72 மில்லிமீற்றர் மாதிரியில் 1 மில்லிமீற்றர் ஆகிறது. இக்கட்டுரை வன்னிக்கு நன்கு பழக்கமான பெல் 212 வகையை எடுத்துக்கொண்டு, வவுனியாவில் கிடைக்கும் பொருட்களால் அதன் உள்ளறையைக் கட்டும் முறையை விளக்குகிறது.

பெல் 212இன் வெளிக்கூடு எல்லாப் பணிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். துப்பாக்கி ஏற்றியதும், பிரமுகரை ஏற்றியதும், வெள்ளத்தில் சிக்கியவரை ஏற்றியதும் ஒரே கூடு. எது மீட்பு ஹெலிகொப்டர் என்பதைத் திறந்த கதவுக்குள் தெரிவதே சொல்கிறது. ஆகவே மீட்பு மாதிரியில் உள்ளறையை அலங்காரமாக எண்ணிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மாதிரியின் பொருளே அங்குதான் இருக்கிறது.

உள்ளறையின் வரலாறு

கொரியப் போரில் காயப்பட்டவரை ஏற்றிய பெல் 47 வகை ஹெலிகொப்டர்களில் ஸ்ட்ரெச்சர் உடலுக்கு வெளியே, சறுக்குக் கால்களுக்கு மேலே கட்டப்பட்டிருந்தது. பறக்கும்போது நோயாளரை எவரும் தொட முடியாது. இரத்தம் பெருகினாலும் மூச்சுத் திணறினாலும் தரையிறங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்கத் தரைப்படை மருத்துவ வெளியேற்றத்துக்கென்று ஒரு புதிய ஹெலிகொப்டரைக் கோரியது. 1955இல் பெல் நிறுவனத்தின் வடிவம் தேர்வாகி, 1956 ஒக்டோபரில் எக்ஸ்எச்-40 என்ற முன்மாதிரி முதன்முதலாகப் பறந்தது. பின்னர் உலகெங்கும் "ஹூயி" என்று பெயர்பெற்ற குடும்பம் அதிலிருந்து வந்தது. தொடக்க வகைகளில் ஒருசில ஸ்ட்ரெச்சர்களுக்கே இடமிருந்தது. 1960களின் தொடக்கத்தில் யூஎச்-1டி வகையின் உடல் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீட்டப்பட்டது. ஆறு ஸ்ட்ரெச்சர்களும் ஒரு மருத்துவ உதவியாளரும் அதற்குள் அடங்கினர். அந்த நீண்ட கூட்டில் இரட்டை எஞ்சின் பொருத்தி 1960களின் இறுதியில் உருவானதே பெல் 212. விமானியோடு 15 பேர் அமரலாம். அறையின் கனவளவு ஏறக்குறைய 6.2 கனமீற்றர். சுழலியின் விட்டம் 14.6 மீற்றருக்குச் சற்று மேல்.

இலங்கையில் 1957 டிசம்பர் பெருவெள்ளத்தின்போதே, அன்றைய றோயல் சிலோன் விமானப்படையின் ட்ராகன்ஃபிளை ஹெலிகொப்டர்கள் நிவாரணப் பணியில் ஈடுபட்டன. பெல் 212 வகை 1980களில் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டிலும் அதற்குப் பின்னும் இவ்வகை ஆயுதம் ஏற்றியும் பறந்தது. வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு இதன் இறக்கை ஓசை எதை நினைவூட்டும் என்பதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. அதே வகை பின்னாளில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மக்களை ஏற்றி இறக்கியது. 2025 நவம்பர் 30 அன்று, டித்வா புயல் நிவாரணத்தில் ஈடுபட்டிருந்த பெல் 212 ஒன்று வென்னப்புவைக்கு அண்மையில் லுணுவிலவில் வீழ்ந்து, அதன் விமானி உயிரிழந்தார்.

எனவே மாதிரி செய்பவர் முதலில் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். 1980களின் ஒரு பெல் 212ஐச் செய்கிறோமா, 2000க்குப் பிந்தைய வெள்ள மீட்பைச் செய்கிறோமா என்பது தெளிவானால்தான் கதவோரத்தில் என்ன வரும், தரையில் என்ன வரும் என்பது தெளிவாகும். இரண்டையும் கலந்து, துப்பாக்கித் தாங்கியின் அருகே ஸ்ட்ரெச்சரையும் வைத்துவிடுவது அழகான வேலையாக அமையலாம், உண்மையான வேலையாகாது. வவுனியாவில் விமானப்படைத் தளம் இருந்தாலும் அது பாதுகாப்பு வளாகம். ஆதாரமாக வெளியான செய்திப் படங்களையே நாட வேண்டும். பழைய வானூர்திகளை நேரில் பார்க்க இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் உண்டு.

அளவுக் கணக்கு

பெல் 212 அறையின் அகலம் ஏறக்குறைய 2.44 மீற்றர், உயரம் 1.24 மீற்றர். 72ஆல் வகுத்தால் 34 மி.மீ. அகலமும் 17 மி.மீ. உயரமும் வரும். ஒரு தீப்பெட்டிக்கும் குறைந்த அகலம் இது. இதற்குள் வேலை செய்யும்போது கண்மட்டத்தை நம்பக்கூடாது. ஒவ்வொரு பொருளையும் முதலில் காகிதத்தில் வகுத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

1.70 மீற்றர் உயரமான ஆள் 23.6 மி.மீ. ஆகிறார். இருக்கைச் சட்டத்தின் 25 மி.மீ. குழாய் 0.35 மி.மீ. ஆகிறது. 50 மி.மீ. அகல இருக்கைப் பட்டி 0.7 மி.மீ. ஆகிறது. 80 மி.மீ. அளவு கருவி முகப்பு 1.1 மி.மீ. மட்டுமே. மறுபக்கம், பெட்டி மாதிரியின் பிளாஸ்டிக் சுவர் 1 மி.மீ. தடிப்பாக இருந்தால் அது உண்மையில் 7 சென்ரிமீற்றர் தடித்த சுவருக்குச் சமம். சுவர் உள்ளிடத்தைத் தின்றுவிடுகிறது. கதவு விளிம்பைச் சாண்ட் பேப்பரால் உட்புறமாகச் சாய்த்து மெலிதாக்கினால் பார்வைக்கு ஓரளவு சரியாகும். ஆயினும் உள்ளே வைக்கும் பொருளைக் கணக்குப்படி வெட்டிய பிறகு ஒருமுறை வைத்துப் பார்த்து, தேவையானால் அரை மி.மீ. குறைக்கவே வேண்டியிருக்கும். கணக்குக்கு நேர்மையாக இருப்பதைவிட உள்ளறைக்குள் பொருட்கள் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் இருப்பது முக்கியம்.

பொருட்கள்

இவ்வகையை 1/72 அளவில் இத்தாலேரி நிறுவனம் நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. இத்தகைய பெட்டிகளில் உள்ளறைக்குத் தரையும், இருக்கைகளும், கருவிப் பலகையும் அடிப்படையாக வரும். செக் நாட்டின் எதுவார்ட் போன்ற நிறுவனங்கள் அரித்தெடுத்த உலோகத் துணைப்பாகங்களை விற்கின்றன. அவை பெரும்பாலும் பெட்டியின் விலையை எட்டிவிடும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பெட்டி ஒன்று கையில் இருந்தால், மிகுதியை ஊரிலேயே தேடிக்கொள்ளலாம்.

தகட்டுக்கு யோகட் கோப்பை போதும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பொலிஸ்டைரீன்; மாதிரிப் பெட்டியின் பிளாஸ்டிக்கும் அதே இனம் என்பதால் மாதிரி ஒட்டுக்கு நன்றாகப் பிடிக்கும். எண் 5 உள்ள கோப்பை பொலிப்புரொப்பிலீன். எந்த ஒட்டும் அதில் சரியாக நிற்காது. சமமான தகடு கோப்பையின் அடிப்பாகத்திலேயே கிடைக்கும்.

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் செய்யும் கடைதான் சிறந்த இடம். அங்கே செப்புக்கம்பி எஸ்டபிள்யூஜி எனும் கம்பித் தடிப்பு எண்படி கிடைக்கிறது. மாதிரி செய்பவருக்கு இது பெரும் வசதி: 25ஆம் எண் 0.51 மி.மீ., 29ஆம் எண் 0.35 மி.மீ., 36ஆம் எண் 0.19 மி.மீ., 46ஆம் எண் 0.06 மி.மீ. அதாவது ஸ்ட்ரெச்சர் கோலுக்கு 25, இருக்கைக் குழாய்க்கு 29, தரை வளையத்துக்கு 36. எரிந்த மோட்டாரிலிருந்து கழற்றிய துண்டுக் கம்பியே ஒரு மாதிரிக்குத் தாராளமாகப் போதும். வளைந்த கம்பியை நேராக்க, இரண்டு குறடுகளால் இரு முனையையும் பிடித்துச் சற்றே இழுக்க வேண்டும். அது சிறிது நீண்டு, விறைத்து, நேராகும்.

தாள்களில் 80 கிராம் அலுவலகத் தாள் 0.1 மி.மீ. தடிப்புடையது. மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள் பட்டிகளுக்கும் மெத்தைச் சுவருக்கும் உதவும். ஒட்சிசன் உருளைக்குத் தென்னை ஈர்க்கு. 11 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு உருளை இந்த அளவில் 1.5 மி.மீ. ஆகிறது, ஈர்க்கு நுனி நோக்கிச் சிறுப்பதால் தேவையான விட்டம் எங்கோ ஓரிடத்தில் கட்டாயம் கிடைக்கும். நாரிழைகள் தெரியாதிருக்க சுப்பர் குளூவைப் பூசி, காய்ந்தபின் தேய்த்துக்கொள்ள வேண்டும். நீளம் 9 மி.மீ. பழைய பிரித்தானிய வழக்கில் ஒட்சிசன் உருளை கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்டிருந்தது.

விமானியறை

தலைமை விமானி வலப்பக்கம் அமர்கிறார். மாதிரியில் ஒரு ஆள் மட்டும் வைப்பதானால் இடப்பக்கத்தில் வைத்துவிடக்கூடாது. நடுவில் கருவிப் பீடம், இரு இருக்கைகளுக்கு முன்னும் சுக்கான் கோல், ஒவ்வொரு இருக்கையின் இடப்புறமும் ஏற்றத் தண்டு. மூக்கின் கீழுள்ள தாடைக் கண்ணாடி வழியே கால்மிதிகள் தெரியும். பெட்டியில் இவை இருப்பது அரிது, 36ஆம் எண் கம்பியை வளைத்தாலே போதும். கருவி முகப்புகளை வரைய முயல்வது வீண். கறுப்புப் பலகையில் ஊசிமுனையால் வெண்புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி வார்னிஷ் விட்டால் கண்ணாடி பதித்ததுபோல் மின்னும். விமானிகளின் தலைக்கு மேலுள்ள கூரைச் சாளரங்கள் பச்சைச் சாயல் கொண்டவை. தமியாவின் எக்ஸ்-25 ஒளிபுகு பச்சை இதற்குப் பொருந்தும்.

நோயாளர் பகுதி

அறையின் பின்னடுவில் கியர்பெட்டியின் கூடு ஒரு தூண்போல் உள்ளே நீண்டிருக்கிறது. அதன் இரு பக்கமும் ஒதுக்குப்புறங்கள்; அங்கே வெளிநோக்கிய இருக்கைகள் போடப்படும். பின்சுவரும் கியர்பெட்டிக் கூடும் ஒலித்தடுப்பு மெத்தையால் போர்த்தப்பட்டிருக்கும். இந்த மெத்தையைச் செய்யாமல் விட்டால் அறை வெறும் பெட்டியாகத்தான் தெரியும். அலுமினியத் தாளை மெல்லிய அட்டைமேல் விரித்து, மொட்டை ஊசியால் சாய்கோடுகளை ஒரு மி.மீ. இடைவெளியில் இரு திசையிலும் அழுத்திக் கீறினால் தைத்த மெத்தை உருவாகும். கோடுகள் வெட்டும் புள்ளிகளில் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் பொத்தான் தைத்த இடங்களும் வரும்.

இராணுவ ஸ்ட்ரெச்சரின் கோல் நீளம் 2.29 மீற்றர், அகலம் 0.58 மீற்றர். மாதிரியில் 31.8 மி.மீ., 8.1 மி.மீ. ஆறு ஸ்ட்ரெச்சர்களும் ஒரே அளவாக வரவேண்டுமானால் அச்சுப் பலகை கட்டாயம். ஒரு மரத்துண்டில் இரண்டு இணைவரிப் பள்ளங்களை வெட்டி, கம்பிகளை அதில் கிடத்தி, குறுக்குச் சட்டங்களை ஒட்டிய பின்பே எடுக்க வேண்டும். துணிக்கு ரிசுத் தாள் ஒரு படலத்தை, நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துக் கோல்களின் மேல் போர்த்தினால், காயும்போது தானே இறுகி நடுவில் சற்றுத் தொய்யும். ஆள் படுத்த ஸ்ட்ரெச்சர் தொய்ய வேண்டும். சப்பட்டையாக நிற்கும் துணி உடனே பொய் சொல்லிவிடும். அடுக்கும்போது மூன்று மூன்றாக இரு பக்கமும் வரும். 1.24 மீற்றர் உயரத்தை மூன்றாகப் பகுத்தால் ஒரு அடுக்குக்கு 41 சென்ரிமீற்றர், மாதிரியில் 5.7 மி.மீ. உதவியாளர் எவ்வளவு குனிந்து, எவ்வளவு ஒதுங்கி வேலை செய்கிறார் என்பது இதைக் கட்டும்போதுதான் விளங்குகிறது.

ஆனால் இலங்கையின் வெள்ள மீட்புப் படங்களில் ஆறு ஸ்ட்ரெச்சர் அடுக்கைத் தேடிப் பயனில்லை. அவற்றில் தெரிவது பெரும்பாலும் இருக்கை கழற்றிய வெறுந்தரை, அதில் நெருங்கி அமர்ந்த குடும்பங்கள், ஒரு மூலையில் உலருணவுப் பொதிகள். இத்தகைய காட்சிக்கு ஒரு ஸ்ட்ரெச்சரே போதும். தரையின் பொருத்து வளையங்களில்தான் கவனம் வைக்க வேண்டும். 36ஆம் எண் கம்பியைத் தையல் ஊசியில் சுற்றி, நீளவாக்கில் வெட்டினால் ஒரே அளவான வளையங்கள் உதிரும். உணவுப் பொதிகளை எபொக்சிக் களியில் உருட்டி, ஒன்றன்மேல் ஒன்று அமுங்கியபடி அடுக்கலாம்.

மருத்துவச் சிறுபொருட்களுக்கு வீதியில் ஓடும், 1990 என்ற எண்ணில் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் நல்ல ஆதாரம். 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு வந்த இச்சேவையின் வண்டிக்குள், பட்டிகளின் நிறம், சேலைன் தொங்கும் உயரம், பைகள் இருக்கும் இடம் எல்லாம் காணலாம். சேலைன் பை 3 மி.மீ. நீளமே வரும்: மெல்லிய கம்பி வளையத்தில் வெள்ளைப் பசையைத் தோய்த்தால் படலம் பிடித்துக் கண்ணாடிபோல் காயும்.

வின்ச்

உள்ளே பொருத்தும் வகை வின்சில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஒரு நிலைத்தண்டு நிற்கும். அதிலிருந்து ஒரு கை வெளியே திரும்பும். அறையின் நான்கு மூலைகளில் எதிலும் இதை நிறுவலாம். தூக்குதிறன் 600 இறாத்தல், ஏறக்குறைய 272 கிலோகிராம். கம்பிவடத்தின் விட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. இதை 72ஆல் வகுத்தால் 0.066 மி.மீ. தலைமயிர் ஒன்றின் தடிப்பு. 46ஆம் எண் செப்புக்கம்பியும் ஏறத்தாழ இதே அளவு. மயிரோ நூலோ வளைந்து நிற்கும் என்பதால், எடை தாங்கி நேராகத் தொங்கும் வடத்தைக் காட்ட இழுத்து விறைப்பாக்கிய செப்புக்கம்பியே மேல். நிலைத்தண்டின் உயரத்தைக் கூரை ஒட்டுவதற்கு முன் அளந்துவிட வேண்டும். கால் மி.மீ. கூடினாலும் கூரை மூடாது.

நிறம், ஒட்டு, மூடுதல்

சிறு சாளரங்களுக்குள் வெளிச்சம் குறைவு. உண்மை நிறத்தையே பூசினால் அறை இருண்ட குழியாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் வெள்ளையை ஐந்தில் ஒரு பங்கு கலந்து, பள்ளங்களில் மட்டும் நீர்த்த கறுப்பை ஓடவிடுவது நல்லது. வெயில் காலத்தில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும் என்பதால் காலை வேளையில் பூசலாம்.

சுப்பர் குளூ ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெண்படலமாகப் படியும். உடலின் இரு பாதிகளும் மூடிய பிறகு உள்ளே அந்த ஒட்டைப் பயன்படுத்தவே கூடாது. கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. உள்ளறை முழுவதையும் தரையின் மேல் தனியாகக் கட்டி, உடலுக்குள் ஒட்டாமல் பலமுறை வைத்துப் பார்த்து, கடைசியில் கீழிருந்து செலுத்துவதே பாதுகாப்பான ஒழுங்கு. கதவுகளைத் திறந்த நிலையில், பின்னோக்கித் தள்ளியபடி ஒட்ட வேண்டும். திறந்த கதவு வழியே புழுதி உள்ளே போகும், அதைத் தூரிகையால் எடுக்க முயன்றால் வின்ச் வடம்தான் முதலில் அறுபடும். எனவே முடிந்த மாதிரியை ஒளிபுகும் மூடியின் கீழ் வைக்க வேண்டும்.