அப்பா வச்ச தொட்டி, பையன் சொன்ன ரகசியம்

எங்க வீட்டு மீன் தொட்டியைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "தண்ணியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை முழுசா மாத்துவீங்க?" முழுசா மாத்தவே மாட்டேன்னு சொன்னா ஒரு மாதிரி பார்க்கறாங்க :-) அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இதுக்குப் பின்னாடி ஒரு அப்பா-பையன் கதை இருக்கு.

ராபர்ட் வாரிங்டன் லண்டன்ல ஒரு வேதியியலாளர். 1849ல ஒரு சோதனை பண்ணினார். 12 காலன் பிடிக்கிற கண்ணாடிக் கலத்துல மணல், சேறு, கற்கள் போட்டு, பாதி அளவுக்குத் தண்ணி ஊத்தி, ரெண்டு சின்னத் தங்கமீனையும் ஒரு வாலிஸ்நேரியா செடியையும் விட்டார். மீன் விடுற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கும், செடி விடுற ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கும், தண்ணியை மாத்தவே வேண்டாம்கறது கணக்கு.

கொஞ்ச நாள்ல செடியோட பழைய இலைகள் அழுகித் தண்ணி கலங்கிடுச்சு. உடனே குளத்து நத்தைகள் சிலதைப் பிடிச்சு விட்டார். அதுங்க அழுகினதைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. மீன், செடி, நத்தை. மூணும் சேர்ந்தா சமநிலைன்னு 1850ல வேதியியல் சங்கத்துக்கு எழுதினார். 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் காட்சியகம் திறந்தாங்க. மீன் தொட்டி மோகம் ஊரெல்லாம் பரவுச்சு.

ஆனா கணக்குல ஒரு ஆள் விட்டுப்போச்சு. மீன் கரியமில வாயுவை மட்டுமா விடுது? செவுள் வழியா அம்மோனியாவையும் விடுது. அது மீனுக்கு விஷம். கண்ணுக்கும் தெரியாது. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், மீன் செத்து மிதக்கும்.

விடை தொட்டியிலேர்ந்து வரலை, சாக்கடையிலேர்ந்து வந்துச்சு. 1877ல பிரான்ஸ்ல ஷ்லூசிங், மூன்ட்ஸ்னு ரெண்டு பேர் கழிவுநீரை மணல் வழியா மெதுவா இறங்க விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அதுல இருந்த அம்மோனியா நைட்ரேட்டா மாற ஆரம்பிச்சுது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினதும் அந்த மாற்றம் நின்னுபோச்சு. அப்போ வேலை பார்த்தது உயிருள்ள ஏதோ ஒண்ணு!

இதைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல மண்ணை வச்சு வருஷக்கணக்கா உழைச்சவர் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். நம்ம தொட்டிக்காரரோட பையன்! அப்பா தங்கமீன் விட்டப்போ இவருக்குப் பத்து, பதினோரு வயசு. அம்மோனியா முதல்ல நைட்ரைட் ஆகுது, அப்புறம் நைட்ரேட் ஆகுது, ரெண்டையும் செய்யறது வேற வேற நுண்ணுயிர்கள்னு சொன்னார். ஆனா அதுங்களைத் தனியா பிரிச்சு வளர்க்கிற போட்டியில 1890ல வினோகிராட்ஸ்கி முந்திக்கிட்டார்.

இப்போ அப்பாவோட கலத்தைத் திரும்பப் பாருங்க. மணலும் சேறும் போட்டார் இல்லையா? அந்த பாக்டீரியா குடியிருக்கிற இடமே அதுதான். போதாததுக்கு, சுமார் 27 லிட்டர் தண்ணிக்கு ரெண்டே ரெண்டு சின்ன மீன். அவர் சமநிலை ஜெயிச்சதுல இதுக்கெல்லாம் பங்கு இருக்கு.

கதை இன்னும் முடியலை. மீன் தொட்டியில நைட்ரைட்டை மாத்தறது நாம நினைச்ச நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரான்னு 1998ல ஆய்வு வந்துச்சு. அந்த நைட்ரோஸ்பைராவுலயே சில வகை ரெண்டு வேலையையும் தனியாளா செய்யுதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. மீன் வளர்ப்புத் தொட்டியோட ஃபில்டர்லயும் அது இருந்துச்சு!

அதனாலதான் சொல்றேன். புதுத் தொட்டியில இந்தக் கூட்டம் பெருக நாலஞ்சு வாரம் ஆகும். வாங்கின அன்னைக்கே பத்து மீனை விட்டா அம்மோனியாவுலயே போயிடும். ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியைக் காலி பண்ணி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில அலசினா, பையன் வாரிங்டன் வருஷக்கணக்கா தேடினதை அஞ்சு நிமிஷத்துல சாக்கடையில விட்ட மாதிரி. கால்வாசித் தண்ணியை மட்டும் மாத்துங்க, சேர்ந்துபோன நைட்ரேட் குறையும். ஸ்பாஞ்சை எடுத்துவச்ச தொட்டித் தண்ணியிலயே அலசுங்க. வழுவழுன்னு இருக்கே, அது அழுக்கு மட்டும் இல்லீங்க. உங்க மீனோட உயிரும் அதுலதான் இருக்கு.