மேகம் மறைத்த நாள்கள்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டதும், விடுதி உப்புமாவைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆகவே 1970-இல் கோடைக்கானல் போன கதை.

அப்போது நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடாமலே, பக்கத்து மேஜைக்காரன் கணக்கைப் பார்த்து முன்னே பின்னே மாற்றி எழுதிவிடுவேன். ரீடிங் 'குக்' பண்ணுவது என்போமே, அதில் நான் கைதேர்ந்தவன். ஒருநாள் என் ரெக்கார்டைப் பார்த்த பேராசிரியர், "இவ்வளவு சுத்தமா எனக்கே வராதேப்பா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அடுத்த மாதம் எங்களைக் கோடைக்கானல் சூரிய வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனார்.

அந்த இடம் உருவானதற்குப் பின்னால் பெரிய துயரம் உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியை உலுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்புண்டா என்ற கேள்வி எழுந்தது. 1899-இல் மலைமேல், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் அமைந்தது. மிச்சி ஸ்மித் முதல் இயக்குநர். 1904 முதல் சூரியனைத் தினமும் படம் எடுத்து வந்தார்கள். சூரியப் புள்ளியை வைத்து மழை சொல்லும் வித்தை இன்றுவரை கைகூடவில்லை என்பது வேறு விஷயம்!

விஞ்ஞானி என்றால் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துப் போனோம். பார்த்தது, மஃப்ளர் சுற்றிய ஒருவரை. தரை சூடேறினால் காற்று அலைபாய்ந்து படம் கலங்கிவிடும். அதனால் வெயில் ஏறுமுன்பே அவர் வேலை தொடங்கிவிடும். கண்ணாடித் தட்டில் 20 செ.மீ. அகலத்தில் சூரியன் விழும். அதை இருட்டறையில் கழுவி, காயவைத்து, தேதியும் நேரமும் எழுதி அடுக்க வேண்டும். மறுநாளும் அதே.

"போரடிக்காதா சார்?" என்றான் நண்பன்.

"மேகம் வந்தாத்தான் போர்."

"அன்னிக்கு என்ன படம் சார் வைப்பீங்க?" இது நான்.

"என்னத்த வைக்கிறது? அன்னிக்கு இல்லேன்னு விட்டுட வேண்டியதுதான்."

பேராசிரியர் என் பக்கம் திரும்பவேயில்லை. அதுதான் சுட்டது.

1907-இல் அங்கே வந்த ஜான் எவர்ஷெட்டும் இப்படித்தான் நாள் தவறாமல் பார்த்தவர். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் இம்மி இடம்பெயர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். புள்ளியின் வெளிவிளிம்பை நோக்கி வாயு பாய்வதால் வரும் பெயர்ச்சி அது. நம் மாணவர்கள் எவர்ஷெட் விளைவு என்று படிப்பது இதைத்தான். அதற்குப் பிறகும் 1923-இல் ஓய்வு பெறும்வரை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சிக்குச் சுமார் 11 ஆண்டுகள். ஒருவர் தம் சர்வீஸில் மூன்றைப் பார்த்தால் அதிகம். ஆகவே அந்த மஃப்ளர்காரர் அடுக்கியது யாரோ பின்னால் வருகிறவர்களுக்காக. வந்தார்கள். 1921 முதல் 2011 வரையிலான படங்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார்கள். மேகம் மறைத்த நாள்கள் அதிலும் காலிதான்.

ஊர் திரும்பியதும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையை மறுபடி செய்தேன். விடை மூன்று சதவீதம் தள்ளி வந்தது. சார் கையெழுத்துப் போட்டார்.