ஒரு வழக்கும் ஒரு இலவச சிடியும்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். கல்லூரி இரண்டாம் வருஷம். “அண்ணா, வெப் டெவலப்மென்ட் கத்துக்கணும். லினக்ஸ் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதைப் போடறது?” கையில் இருப்பது 4 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப். அவன் அக்காவின் ஆய்வேடும் அதற்குள்தான்.

“உபுண்டு, இல்லைன்னா மின்ட்” என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் ஏன் யாரும் “பிஎஸ்டி போடு” என்பதில்லை? எனக்குத் தெரிந்து அதற்குப் பெரிய காரணம் ஒரு வழக்கு.

யூனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. உரிமை ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு. ஆனால் 1956-ல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் தொலைத்தொடர்பைத் தாண்டி வேறு வியாபாரத்தில் இறங்க முடியாது. அதனால் பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு மலிவாகக் கொடுத்தது. பெர்க்லியில் அதைப் பிரித்து மேய்ந்து எழுதியதுதான் பிஎஸ்டி. 1983-ல் வந்த 4.2பிஎஸ்டி வழியாகத்தான் டிசிபி/ஐபி யூனிக்ஸ் உலகமெங்கும் பரவியது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப் சர்வரை எழுதிய நெக்ஸ்ட் கணினிக்குள் ஓடியதும் பிஎஸ்டி ரத்தம்தான். (இன்றைய மேக் அந்த நெக்ஸ்டின் வாரிசு. காசு இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.)

நியாயப்படி வலை உலகம் பிஎஸ்டி கைக்குப் போயிருக்க வேண்டும். 1992-ல் ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் வழக்குப் போட்டது, முதலில் பிஎஸ்டிஐ என்ற சிறு நிறுவனத்தின் மீது, பிறகு பல்கலைக்கழகத்தின் மீதும். சமரசம் வந்தது 1994-ல். முடிவு என்ன தெரியுமா? சுமார் 18,000 கோப்புகளில் மூன்றை நீக்க வேண்டும், வேறு சிலவற்றில் சின்னத் திருத்தங்கள். அவ்வளவுதான். அதற்கு இரண்டு வருஷம்!

அந்த இரண்டு வருஷத்தில் ஹெல்சின்கி மாணவர் ஒருவர் 1991-ல் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் வளர்ந்துவிட்டது. 386பிஎஸ்டி அப்போதே கைக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார். 1993-ல் ஸ்லாக்வேர், டெபியன். 1995-ல் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி மூன்றும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. வெப் என்றால் லினக்ஸ் என்று ஆகிப்போனது அப்படித்தான். பிஎஸ்டி தரத்தில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. வழக்கு வாய்தாவில் தோற்றது.

ஆனாலும் டெபியனை நிறுவுவது புதியவர்களுக்குப் பெரும்பாடு. டெபியனை அடித்தளமாக வைத்து 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. கேட்டால் போதும், சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011 வரை அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஆர்வக் கோளாறில் “முழு வட்டையும் பயன்படுத்து” என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். அக்கா கல்யாண போட்டோ அத்தனையும் போச்சு. அப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ரெண்டு நாளில்தான் ஆப்ட்-கெட் கட்டளையில் அப்பாச்சியை நிறுவி, பிரவுசரில் என் முதல் பக்கத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படவும் முடியவில்லை.

தம்பியிடம் இதையும் சொன்னேன். 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டுவை ஓட்டலாம், எதையும் அழிக்க வேண்டாம், ஆனால் 4 ஜிபியில் திணறும். அதனால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, முதலில் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாரு. வைஃபை வேலை செய்கிறதா என்று பாரு. கற்கும் கட்டளைகள் எல்லாம் நாளைக்கு உபுண்டு சர்வரிலும் செல்லும், ரெண்டுக்கும் தாய் டெபியன்தான்.

“சரிண்ணா” என்றவன் கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் போட்டோ எல்லாம் திரும்பக் கெடச்சுதா?” என்றான்.

“ஸ்டூடியோக்காரர்கிட்ட ஒரு ஆல்பம் இருந்துச்சு. நீ முதல்ல அக்கா ஆய்வேட்டை வேற எங்கயாவது காப்பி பண்ணு. பண்ணிட்டு போன் பண்ணு.”

இன்னும் பண்ணவில்லை.