துண்டு விழுந்த கணக்கு

இருப்புப்பாதைப் பணியில் பல்லாண்டு கழித்த நமக்கு வேகக் கணக்கு புதிதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியினுள், அது செல்லும் திசையிலேயே ஒருவர் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், தரையில் நிற்பவருக்கு அவர் வேகம் 105. இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஒளியிடம் இக்கூட்டல் பொய்த்தது. அவ்வரலாற்றைச் சங்கக் குடும்பத்தினருக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஒளி நீரினுள் விநாடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் செல்வது. அந்நீரே ஓடினால்? 1851-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிஸோ, குழாய்களில் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் நீரை ஓடவிட்டார். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாக்கி, ஒன்றை நீரோட்டத்துடனும் மற்றதை எதிர்த்தும் செலுத்தி, மீண்டும் இணைத்து நோக்கினார். கூட்டல் விதிப்படி 7 மீட்டரும் ஒளியுடன் சேர்ந்திருத்தல் வேண்டும். சேர்ந்ததோ ஏறத்தாழ 3 மீட்டரே!

கண்டதைக் கண்டபடியே ஃபிஸோ உலகுக்கு அறிவித்தார். வெளியெங்கும் நிறைந்த ஈதர் என்னும் பொருள் நீருடன் ஓரளவே இழுபடும் என்று ஃபிரெனல் 1818-இலேயே கூறியிருந்தார். அதுவே காரணமென அறிஞர் அமைந்தனர். 1886-இல் அமெரிக்காவில் மைக்கல்சனும் மோர்லியும் சோதனையை மீண்டும் செய்தனர்; துண்டு அப்படியே விழுந்தது. ஆனால் மறு ஆண்டு அவ்விருவரே வேறொரு சோதனையில் ஈதரைத் தேடியபோது அதன் சுவடே அகப்படவில்லை.

1905-இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஊழியம் பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் புதிய விதி வகுத்தார். இரு வேகங்களையும் ஒளிவேகத்தின் பின்னங்களாகக் கொண்டு கூட்டுக. அவற்றின் பெருக்கற்பலனுடன் 1 சேர்த்து, அதனால் அக்கூட்டுத்தொகையை வகுக்க. பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்றன்று. ஒன்றேகாலால் வகுபட்டு, ஐந்தில் நான்கு பங்கே. எவ்வேகத்துடன் ஒளிவேகத்தைக் கூட்டினும் ஒளிவேகமே! 1907-இல் ஜெர்மானியர் லாவே இவ்விதியை ஃபிஸோவின் நீருக்குப் பொருத்தினார். ஈதரின் துணையின்றியே கணக்கு நேராயிற்று.

1964-இல் ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வுக்கூடத்தில், ஏறக்குறைய ஒளிவேகத்தில் பாய்ந்த துகள்கள் உமிழ்ந்த கதிரும் ஒளிவேகத்திலேயே சென்றது கண்டறியப்பட்டது.

நம் வண்டிக் கணக்கிலும் துண்டு உண்டு. எந்தப் பேரேட்டிலும் ஏறாத அணுவளவு, அவ்வளவே. பேரேடு எழுதுவோர்க்குத் தெரியும்: ஒத்துவராத தொகையை அழித்துத் திருத்துதல் எளிது. ஃபிஸோ அதைச் செய்யவில்லை. அவர் விட்டுச் சென்ற துண்டுக்கு 56 ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது. நம் பிள்ளைகளும் கணக்கு ஒத்துவராதபோது விடையை மாற்றி எழுதாது, ஏன் என்று கேட்கப் பழகுவார்களாக!