பழைய இரும்புக்கு என்ன விலை?

போன வாரம் பழைய இரும்புக்காரர் ஊருக்குள்ள வந்திருந்தார். ஆசாரி பட்டறையில கிடக்கிற கடைசல் மெஷினைத் தட்டிப் பார்த்துட்டு, எடை போட்டால் இவ்வளவுதான் வரும்னு ஒரு விலை சொன்னார். ஆசாரி காலமாகி மூணு வருஷம் ஆச்சு. மகனுக்கு டவுனில் வேலை. "என்னங்ண்ணா, கொடுத்துரட்டுங்களா? சும்மாதானே கிடக்குது" என்று என்கிட்ட கேட்டார்.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆனால் எங்க கிணத்துக் கவலைக்கு அந்த மெஷினில்தான் மர உருளை கடைஞ்சு கொடுத்தாங்க. சின்ன வயசில் பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்த்திருக்கேன். உடனே பதில் சொல்ல வாய் வரலை. "ரெண்டு நாள் பொறு தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ரெண்டு நாளும் மனசுல ஓடினது இங்கிலாந்துக் கதை ஒன்று. அதுவும் உருளை செய்த மெஷின்களோட கதைதான்.

பாய்மரக் கப்பல் காலத்தில் ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஏறக்குறைய 1000 கப்பிகள் வேணும். பாயை ஏத்த, இறக்க, பீரங்கியை இழுக்க, எல்லாத்துக்கும் கயிறும் கப்பியும்தான். பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு சுமார் 1,00,000 கப்பி தேவைப்பட்டது. கப்பின்னா நம்ம கிணத்து உருளை மாதிரியேதான். வெளிக்கூடு எல்ம் மரம். உள்ளே சுத்துற உருளை லிக்னம் வைட்டே என்ற மரம். அது தண்ணீரில் போட்டால் மூழ்கிடும், அவ்வளவு கனம். மரத்துக்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. நடுவில் ஒரு பூண், ஒரு அச்சாணி. பார்க்கச் சாதாரணம். ஆனால் புயலில் ஒரு கப்பி இறுகி நின்னா பாய் இறங்காது, ஆள் உயிருக்கு ஆபத்து.

இதை மெஷினில் செய்ய முழு வழி கண்டவர் மார்க் புரூனல். பிரான்சில் நார்மண்டிப் பக்கம் ஒரு விவசாயி மகன், 1769-ல் பிறந்தவர். அப்பா பையனைப் பாதிரியார் ஆக்கணும்னு ரூவாங் ஊர்க் குருமடத்தில் விட்டார். பையனுக்கோ மரவேலையிலும் படம் வரைவதிலும்தான் நாட்டம். புரட்சிக் காலத்தில் உயிர் தப்பி 1793-ல் அமெரிக்கா போனார். 1799-ல் இங்கிலாந்து வந்தார், 1801-ல் கப்பி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கடற்படைக்குக் கப்பி கொடுத்துக்கிட்டிருந்த சவுத்தாம்ப்டன் டெய்லர் குடும்பத்திடம் முதலில் போய்க் கேட்டார். அவங்க வேண்டாம்னுட்டாங்க. பிறகு கடற்படைப் பணிகளுக்குத் தலைமை ஆய்வாளராக இருந்த சாமுவேல் பெந்தம் கண்ணில் அது பட்டது. அவரே மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வைத்திருந்தவர். அடுத்தவன் யோசனை தன்னுடையதை விட மேல்னு ஒத்துக்கிட்டு, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அதை வைக்க ஏற்பாடு செய்தார்.

வரைபடம் இருந்தால் போதுமா? செய்து கொடுக்க ஆள் வேணுமே. அந்த ஆள் ஹென்றி மாட்ஸ்லி. 12 வயதில் ஊலிச் ஆயுதக் கிடங்கில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலைக்குப் போனவர். அப்புறம் தச்சுப் பட்டறை, அதுக்கப்புறம் கொல்லுப்பட்டறை. பிறகு ஒரு பெரிய பட்டறையில் மேஸ்திரியாக இருந்து, வாரம் 30 ஷில்லிங் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். முதலாளி மாட்டேன்னுட்டார். 1797-ல் வெளியே வந்து தனிப்பட்டறை போட்டார். இந்த மெஷின்கள்தான் அவர் கைக்குக் கிடைத்த பெரிய வேலை.

அதுவரை மரவேலை மெஷின்னா சட்டம் பெரும்பாலும் மரத்திலேயே இருக்கும். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதிர்வில் மூட்டு தளரும். மாட்ஸ்லி முழுக்க முழுக்க இரும்பில் செய்தார். மொத்தம் 45 மெஷின், 22 வகை, கப்பியின் அளவுக்குத் தக்க மூணு வரிசை. ஒன்று துளை போடும். அடுத்தது உளியை மேலும் கீழும் இயக்கி அந்தத் துளையை நீட்டும். அடுத்தது மூலையை அறுக்கும். இன்னொன்று ஒரே சக்கரத்தில் பத்துக் கப்பியைக் கவ்விக்கிட்டு வெளிப்பக்கத்தை வளைத்துச் சீவும். இயக்க நீராவி இன்ஜின். 1808-ல் வருஷத்துக்கு 1,30,000 கப்பி வெளியே வந்தது. 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தாங்க, அதுவும் தொழில் பழகாத ஆட்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எப்பவும் கொஞ்சம் நெருடும். மீதி நூறு பேர் கைத்தொழில் என்ன ஆச்சு? எங்க ஊரில் கரண்டு மோட்டார் வந்தப்ப கவலை ஓட்டினவங்களுக்கும், பறி தைச்சவங்களுக்கும், உருளை கடைஞ்ச ஆசாரிக்கும் என்ன ஆச்சோ அதுதான். மெஷின் நல்லதா கெட்டதான்னு ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

சரி, விலைக்கு வருவோம். புரூனலுக்கு என்ன கூலி? இந்த முறையால் ஒரு வருஷத்தில் எவ்வளவு மிச்சமாகுதோ அந்தத் தொகை என்று பேச்சு. மிச்சம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அரசாங்கம் இழுத்தடித்தது. 1808-ல் முன்பணமாக 1,000 பவுண்டு. இன்னும் ரெண்டு வருஷம் கழித்துத்தான் 17,000 பவுண்டுக்குச் சற்று மேலே கொடுக்கச் சம்மதித்தாங்க. கரும்பு வெட்டி அனுப்பிட்டுப் பணத்துக்கு நடையா நடந்தவங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. அப்புறம் 1814-ல் பாட்டர்சியில் இருந்த அவருடைய மரமில் தீப்பிடித்தது. ராணுவத்துக்கு மெஷினில் பூட்ஸ் செய்தார். 1815-ல் வாட்டர்லூவோடு சண்டை முடிந்தது, பூட்ஸ் தேங்கிப் போச்சு. 1821-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். மனைவி சோஃபியாவும் கூடவே போய் இருந்தார். ரஷ்யா அவரைக் கூப்பிடுதுன்னு தெரிந்த பிறகுதான் அரசாங்கம் 5,000 பவுண்டு கொடுத்து, நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லி மீட்டது.

அவர் சிறையில் இருந்த நாட்களிலும் போர்ட்ஸ்மவுத்தில் அந்த மெஷின்கள் கப்பி செய்துக்கிட்டுத்தான் இருந்தன. அடுத்து நீராவிக் கப்பல் வந்து பாய்மரம் போச்சு, கப்பித் தேவை குறைஞ்சது. ஆனாலும் நிற்கவில்லை. சில மெஷின்கள் நூறு வருஷம் தாண்டி, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேலை செய்தன. இப்போ பல லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கு.

எப்படி இத்தனை காலம்? இரும்புன்னு ஒரே பதிலில் முடிக்க முடியாது. கனமான சட்டம் அதிர்வைத் தாங்கிக்கும். தேயுற பரப்புகளை மாட்ஸ்லி அளந்து அளந்து சமமாக்கினார். மட்டமான பரப்பு சீராகத்தான் தேயும். வெட்டுறதும் மரத்தைத்தானே, இரும்பை இல்லை. உளிதான் மழுங்கும், அதைத் தீட்டிக்கலாம். இதெல்லாம் செய்தவன் கொடுத்தது. அதுக்கு மேலே, தினமும் எண்ணெய் விட ஒரு கை இருந்தது, வேலை கொடுக்க ஒரு துறைமுகம் இருந்தது. இந்த ரெண்டும் இல்லைன்னா எந்த இரும்பும் துருதான்.

மூணாம் நாள் பட்டறைக்குப் போனேன். கோழி அடைகிற இடமாகிப் போச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவிட்டு, சாயங்காலமாகக் கையால் சுத்திப் பார்த்தோம். முதலில் முரண்டு பிடிச்சது. அப்புறம் சுத்துச்சு. தண்டில் ஆட்டம் இல்லை, சட்டத்தில் விரிசல் இல்லை. தம்பி சிரித்தார். அப்பா நின்னு நின்னு குழிஞ்சு போன தரையைக் காட்டினார்.

"நீங்களே வாங்கிச் சாளையில வெச்சுக்கிறீங்களாண்ணா?" என்றார். ஆசைதான். ஆனால் என் சாளையில் அது மாட்டுக் கயிறு தொங்கவிடத்தான் உதவும். "இன்னும் கட்டில் கால், பூரிக்கட்டை கடைஞ்சு பிழைக்கிறவர் யாராவது இருப்பாங்க, தேடுவோம். இரும்புக்காரர் சொன்ன விலைக்கே கேட்டாலும் அவருக்கே கொடு"ன்னேன். தை மாசம் வரைக்கும் பார்ப்போம்னு பேச்சு. அதுவரை ஞாயித்துக்கிழமை தோறும் எண்ணெய் விடுறது என் பொறுப்பு. கோழிக்கு வேற இடம் பார்த்தாச்சு.